தமிழ் தெரியாத விளக்குக்காரர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் காஜா பேராங் பகுதியில்தான் இருக்கிறார்கள். கோவிலிலோ பசாரிலோ எதிர்ப்பட்டால் மலாய் மொழியில் நலம் விசாரித்து, என் கைப்பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் மேல் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியும் அது குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்டதும் இல்லை.

எங்கள் நாடகக் குழுவுக்கு அவர்தான் விளக்குக்காரர். என் அண்ணனைக் காட்டிக் கொடுத்தவர் அவர். அந்தப் பழி என் தலையில் விழுந்தபோது, தெரிந்தும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் வேலை செய்யும் அழகைச் சொல்லும்போது நீங்களும் அவரை விரும்பிவிடுவீர்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஏமாந்தோம்.

ஒடிசலான ஆள். கட்டம் போட்ட சாரோங், தலையில் சுருட்டிக் கட்டிய கைக்குட்டை, காதில் ஒற்றைக் கடுக்கன். பகலில் வீடு வீடாகப் போய் மின்சார வயர் இழுக்கிற வேலை. எந்தக் காலத்திலோ வியாபாரத்துக்கு வந்து, மலாய்ப் பெண்களைக் கட்டி, காஜா பேராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் செட்டி மக்களில் ஒருவர். அவர்கள் கும்பிடுவது நம் சாமி, வைப்பது நம் பொங்கல். வீட்டுப் பெண்கள் கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அதிலேயே ஊடே ஊடே மாமா, அத்தை என்று நம் சொல் நாலைந்து வரும். மாரியம்மன் கோவிலில் அவர் கையைக் கூப்பிக்கொண்டு தமிழ்ப் போற்றிகளை மளமளவென்று சொல்வார். பக்கத்தில் நிற்கும் நம் ஆட்கள் அவர் காதில் விழும்படியே, "பாவம், மனப்பாடம்தான். ஒரு அர்த்தமும் தெரியாது" என்பார்கள். அவர் அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பார்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த கதை யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. மண்டபத்துக்கு வயர் போட வந்தவர், ஒத்திகையைப் பார்த்துக்கொண்டு நின்றார், மறுநாளும் வந்தார், அப்படியே இருந்துவிட்டார். கூலி கேட்கவில்லை. நாங்களும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நாடகம் முடிந்து பொட்டலம் பிரிக்கும்போது எல்லோரும் சாப்பிட்டபிறகு மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்காருவார். நாங்கள் அவரை மாமா என்போம். என்னை அவர் 'அடிக்' என்பார், மலாயில் தங்கச்சி.

இனி அவருடைய ஜாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் மேடை விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் எங்களிடம் கருவி என்று ஒன்றும் கிடையாது. பெரிய நகரத்து அரங்குகளில் இருப்பதாகக் கேள்வி. எங்களுக்கு இருந்தது ஒரு தெம்பாயான், வீட்டில் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிற பழுப்பு நிறப் பீங்கான் ஜாடி. அதன் அடியில் ஓர் ஈயத் தகடு. மேலே கயிற்றில் தொங்கும் இன்னோர் ஈயத் தகடு. நடுவே உப்புத் தண்ணீர். மின்சாரம் ஒரு தகட்டில் இறங்கி, உப்புத் தண்ணீரைக் கடந்து, மறு தகடு வழியாக விளக்குகளுக்குப் போக வேண்டும். மேல் தகட்டை இறக்க இறக்க வெளிச்சம் ஏறும். தூக்கத் தூக்க மங்கும். அவர் பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்று, கயிற்றை விரல் விரலாக விட்டு, மேடையில் ஒரு விடியலைக் கொண்டுவருவார். பார்க்க வந்த ரப்பர்த் தோட்டத்துச் சனம், வசனம் வருகிறவரைக்கும் காத்திராமல் அந்த விடியலுக்கே கை தட்டும்.

உப்பின் அளவு அவர் நாக்கில் இருந்தது. கரண்டு கொடுப்பதற்கு முன்னால் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். வெறும் மழைத்தண்ணீர் என்றால் விளக்கு கண்ணையே திறக்காது. உப்பு கூடிவிட்டால் மங்க மறுக்கும். நீளமான அந்திக் காட்சி வந்தால் ஜாடியிலிருந்து ஆவி எழும்பும். திரை மறைவில் அதன் கதகதப்புக்காக நாங்கள் ஜாடிக்குப் பக்கத்தில் போய் நிற்போம், அவர் அதட்டித் தள்ளி நிறுத்துவார்.

ஒரு தடவை புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் நாடகம். அவர் வேலை முடித்துச் சைக்கிளில் பின்னால் வருவதாக ஏற்பாடு. ஜாடியை லாரியில் ஏற்றும்போது எங்கள் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர், யோசனைக்குக் குறைவே இல்லாத மனிதர்.

"தண்ணி ஊத்துனா வழியெல்லாம் சிந்தும்லா. கரண்டு ஓடுறது உப்புலதான? உப்பையே கழுத்து வரைக்கும் ரொப்புங்க. வெளிச்சம் இன்னும் ஜோரா வரும்."

எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. ஒரு மூட்டை உப்பு வாங்கி ஜாடியை நிரப்பினோம், தகட்டை அதற்குள் புதைத்தோம். நேரம் வந்தது, தலைவர் தானே கயிற்றைப் பிடித்தார். மேடை கும்மிருட்டாக இருந்தது. தகட்டை அழுத்தினார், உப்பைக் குலுக்கினார், சாமியைக் கும்பிட்டார். சனம் விசில் அடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அவர் சைக்கிளை விட்டு இறங்கி வந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவர் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. பாதி உப்பை அள்ளிக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். வந்தது வெளிச்சம், ஆனால் உப்பு மிதமிஞ்சிவிட்டதால் போக மறுத்தது. அன்றைக்கு எங்கள் அரசன் உச்சி வெயிலில்தான் செத்தான்.

ஜாலான் துக்காங் எமாஸில் பத்தர் ஒருவர் கடை வைத்திருந்தார். எங்கள் அட்டைக் கிரீடத்துக்குக் கல் ஒட்டி வாங்க அண்ணனும் நானும் போயிருந்த ஒரு நாள், விளக்குக்காரர் அங்கே வயர் மாற்றிக்கொண்டிருந்தார். தோட்டத்து உப்புக் கதையை அண்ணன் சொல்ல, பத்தர் சிரித்துவிட்டு, "ஆக, தண்ணிதான்யா கரண்ட தூக்கிட்டுப் போவுது. உப்பு சும்மா ருசிக்கு" என்றார். இவர் தலையை ஆட்டி மறுத்தார். ஒரு தட்டு மீ கோரேங் பந்தயம் என்று மலாயில் சொன்னார்.

பத்தர் பொன் உருக்கும் மூசையில் கொஞ்சம் வெடியுப்பைப் போட்டார். ஒரு பல்பின் வயரை அறுத்து இரண்டு நுனிகளையும் அந்த உப்புக்குள் நட்டார். பல்பு எரியவில்லை. பிறகு மூசையைக் கரி அடுப்பில் வைத்துத் துருத்தியை அமுக்கச் சொன்னார். உப்பு ஓரத்தில் கசிந்தது, நெகிழ்ந்தது, தண்ணீர் மாதிரி தெளிந்தது. பல்பு சிவந்து, மஞ்சளாகி, நன்றாகவே எரிந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடுப்பிலிருந்து எடுத்து வைத்தார். உப்பு ஆறி ஏடு கட்டி இறுகியது, கூடவே பல்பும் சோர்ந்து அணைந்தது. பத்தர் மூசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ கண்கட்டு வித்தை என்று அவருக்குச் சந்தேகம். மீ கோரேங் மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அது எப்படி என்று நாங்கள் அரைகுறை மலாயிலும் கைச்சாடையிலும் கேட்டதற்கு அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கை விரல்களையும் கோத்து இறுக்கிக் காட்டினார். பிறகு பிடியை விட்டு விரல்களைத் தனித்தனியாக நெளித்தார். நான் பின்னாளில் ஆசிரியையாகி, அயனிச் சேர்மம் என்ற பாடத்தை நடத்தியபோது அந்த விரல்களைத்தான் நடத்தினேன். உப்புக்குள் இருப்பது நேர்மின் துகளும் எதிர்மின் துகளும். கெட்டியாக இருக்கும்போது ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு இடத்தை விட்டு அசையாது, அதனால் மின்சாரத்தைக் கடத்தாது. கரைந்தாலும் கடத்தும், உருகினாலும் கடத்தும். பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். எனக்குத்தான் அந்தப் பாடம் முடியும்போது நெஞ்சு கசந்துபோயிருக்கும்.

அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் விளக்குக்கு ஒரு சைகை வேண்டியிருந்தது. அது என் வேலை. பெண்கள் மேடை ஏறுவதை அம்மா ஒப்பாததால், நான் திரைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பேன். ஒரு கையில் அண்ணன் எழுதிய நாடகம், இன்னொரு கையில் சிவப்புக் கைக்குட்டை. கைக்குட்டையைத் தாழ்த்தினால் அவர் தகட்டைத் தூக்குவார், உயர்த்தினால் இறக்குவார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமலே அத்தனை வருஷம் வேலை செய்தோம். அவர் கண் என் கையை விட்டு அசையாது. அப்படி ஒருவர் நம் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் அவரை நம்பாமல் எப்படி இருப்பது?

நாடகங்களை எழுதுவதெல்லாம் அண்ணன்தான். கித்தா என்கிற ரப்பர்க் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை, சாயங்காலம் நாடகம், இரண்டுக்கும் நடுவில் தோட்டத்துச் சங்கத்துக்காரர்களோடு சகவாசம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலச் சட்டம் கடுமையாக இருந்த வருஷங்கள் அவை. சங்கத்தில் இருந்த ஒருவரை அரசாங்கம் தேடிக்கொண்டிருந்தது. அவர் காய்ச்சலில் விழுந்து, புக்கிட் ரம்பாயில் ஒரு வீட்டின் பின்கட்டில் படுத்துக்கிடந்தார். அண்ணன் அவருக்கு மாத்திரையும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். அது தெரிந்தால் ஜெயில். அந்த வீட்டுக்கு வெளியே அந்த விஷயம் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதை நாங்கள் பேசிக்கொண்டது மண்டபத்தின் பின்பக்கம், ஒரு மழை நாள் சாயங்காலம். விளக்குக்காரரும் அங்கேதான் குந்தி உட்கார்ந்து, தேங்காய் நாரால் ஈயத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் கண்ணைக் காட்டி, "மெதுவா பேசு, மாமா இருக்காரு" என்றேன்.

அண்ணன் சிரித்தான். "அட, நீ வேற பாப்பா. அவருக்கு நாம பேசறதும் ஒண்ணுதான், மழை பெய்யறதும் ஒண்ணுதான்."

அப்புறம் எந்த வீடு, எந்தக் கிழமை, யார் கதவைத் திறப்பார் என்பதெல்லாம் அவன் விவரமாகச் சொன்னான். அவர் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. தேய்க்கிற சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை அண்ணன் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது திறந்தவர்கள் போலீஸ்காரர்கள். எங்கள் வீட்டைச் சோதனை போட அவனையும் ஜீப்பில் கூட்டி வந்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், நாடகக் கட்டுகளை அள்ளிக்கொண்டார்கள். திரும்ப ஜீப்பில் ஏற்றும்போது அவன் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"யார்கிட்ட சொன்ன, பாப்பா?"

என் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. கேட்ட விதத்திலேயே அவன் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

அம்மா அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் நான் அழுது மன்றாடியபோது அடுப்படியிலிருந்தே சொன்னார்: "ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு அவனே சொன்னான். ஒருத்தன ஜீப்புல ஏத்திட்டாங்க. மத்தவ நீ. எங்கேயோ பெருமைக்கு வாய விட்டிருக்கே." அண்ணனை முகாமில் வைத்திருந்து, கடைசியில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது விட்டு வந்த ஊர் அது, அங்கே அவனுக்கு ஒரு நாய்க்குட்டி கூடத் தெரியாது. அங்கிருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதுவான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். மாடி வீட்டுப் பூனை வரை விசாரித்திருப்பான். என்னைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தவர் யார் என்கிறீர்கள்? அவர்தான். நான் மண்டபத்துத் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருவார். வாழை இலையில் சுற்றிய பலகாரம் ஒன்றை என் மடியில் வைப்பார். "அடிக், சாப்பிடு" என்று மலாயில் சொல்வார். நான் தமிழில் புலம்புவேன். நான் சொல்லலை மாமா, சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலை என்பேன். புரியாத ஒருவரிடம் சொல்கிறோம் என்ற தைரியத்தில் சொல்வேன். அவர் தலையை மெல்ல அசைத்துக்கொண்டே கேட்பார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடியும் தோரணமும். கொண்டாட்டத்துக்கு எங்கள் குழுவும் ஒரு நாடகம் போட்டது. அண்ணனுடையதுதான், மண்டபத்தில் கிடந்ததால் போலீஸிடமிருந்து தப்பிய பிரதி, ஆனால் எழுதியவன் பெயரைப் போடவில்லை. போட்டால் வம்பு வரும் என்று தலைவர் பயந்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிடித்திருந்தேன்.

கடைசிக்கு முந்தின காட்சியில் கிழட்டு அரசனாக நடித்தவருக்கு மறதி வந்துவிட்டது. நாலு பக்கத்தைத் தாண்டிக் குதித்து, சாகும்போது பேச வேண்டிய வசனத்தைத் தொடங்கிவிட்டார். நான் பதறிப்போய்ப் பக்கங்களைப் புரட்டினேன். கைக்குட்டை என் மடியில் கிடந்தது. அரசன் சிம்மாசனத்தில்தான் உட்கார்ந்திருந்தார், படுக்கவும் இல்லை, சாயவும் இல்லை. பார்க்கிறவருக்கு அது சாவுக் காட்சி என்று தெரிய வழியே கிடையாது. ஆனால் வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது.

நான் தலையை நிமிர்த்தினேன். அரசன் ஒரு சொல்லை நிறுத்தினால் வெளிச்சமும் நின்றது. அவர் மூச்சு வாங்கி அடுத்த சொல்லுக்குப் போனால் அதுவும் இறங்கியது. மகனே என்று அவர் குரல் உடைந்த இடத்தில் துளி நடுங்கியது. ஜாடிப் பக்கம் பார்த்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கயிற்றை விரல் விரலாக இழுத்துக்கொண்டே, அரசன் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். உதடுகள் ஒரு சொல் கூடத் தவறவில்லை.

கை தட்டல் கூரையைப் பிளந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தேங்காய் நார் தகட்டில் தேய்கிற சத்தம்தான் காதில் இருந்தது.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனேன். அவர் ஜாடியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"மாமா, ஒங்களுக்குத் தமிழ் தெரியும்."

"குவா தாக் பஹாம்" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குப் புரியவில்லை என்பதற்கு அவர்கள் பேச்சில் அப்படித்தான்.

"நேத்து ஒங்க வாயப் பாத்தேன்."

சிரிப்பு நின்றது. ஜாடியை நிமிர்த்தி வைத்தார், கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டார். பிறகு பேசினார். நான் அதுவரை கேட்டறியாத குரல். வீட்டிலும் தெருச் சடக்கிலும் நாங்கள் பேசுகிற தமிழ் இல்லை அது. மேடைத் தமிழ்.

"தெரியும், தங்கையே. தங்கள் தமையனார் எழுதிய தமிழே எனக்குத் தெரிந்த தமிழ். கேட்டுக் கேட்டுக் கற்றேன்."

ழகரமும் றகரமும் எங்கள் கதாநாயகனை விடச் சுத்தமாக வந்தன. அண்ணன் எதிரே நின்று பேசுவதுபோல் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"கேட்டார்கள். சொன்னேன்."

"எதுக்கு மாமா? காசு குடுத்தாங்களா? மெரட்டுனாங்களா?"

"இல்லை. அந்தப் போலீஸ் அதிகாரி எனக்கு நாற்காலி போட்டு அமரச் செய்தார். 'நாடகக்காரர்களோடு இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறீர், உமக்குத் தெரியாமல் இராது' என்றார். இந்த மண்டபத்தில் எவரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, தங்கையே. தமிழ் தெரியுமா என்று கூட ஒருவரும் கேட்டதில்லை."

இன்று இதைக் கேட்கிறவர்கள் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதாகச் சொல்வார்கள். என் மகளே சொல்கிறாள். இருக்கட்டும். அவரை நாங்கள் மதிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு விலையாக என் அண்ணனையா எடுத்துக்கொள்வது? அன்று எனக்கு நியாயம் பேசவெல்லாம் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"எங்க அம்மாகிட்ட வந்து இத சொல்லுங்க. இப்பவே என்னோட வாங்க. நாந்தான் காட்டிக் குடுத்தேன்னு நெனச்சிட்டு இருக்காங்க."

"அறிவேன்" என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லை நான் மறக்கப்போவதில்லை. தூணடியில் உட்கார்ந்து என் அழுகையைக் கேட்டது, மடியில் பலகாரம் வைத்தது, எல்லாம் அறிந்துகொண்டே.

"அப்ப வாங்க."

"இயலாது. என் பிள்ளைகள் இவ்வூரில் வாழ வேண்டும்."

குனிந்து ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் காட்டுக் கத்தாகக் கத்தினேன், திரும்பவில்லை.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரசன் வசனத்தை விட்டது, வெளிச்சம் இறங்கியது, அவர் உதடு அசைந்தது, மண்டபத்தில் அவர் பேசியது, ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"முடிஞ்சுதா?" என்றார். "அந்த மனுசனுக்குத் தமிழ் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். பழியப் போட ஒனக்கு வாயில்லாத ஆளுதான் கெடைச்சாரா?"

அண்ணனுக்கும் எழுதினேன். பதில் எனக்கு வரவில்லை, அம்மாவுக்கு வந்தது. பாவம், மொழி தெரியாத ஏழையை இதில் இழுக்க வேண்டாம் என்று சொல்லச் சொல்லியிருந்தான். அதையும் நான்தான் படித்துக் காட்டினேன். தலைவரிடம் சொன்னேன். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அண்ணன் போன துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். விளக்குக்காரர் மறுபடியும் ஒருவரிடமும் ஒரு சொல் தமிழ் பேசவில்லை. நான் குழுவை விட்டு விலகினேன். அவர் தொடர்ந்து விளக்குப் போட்டார். அவருக்கு வேறு யாரோ கைக்குட்டை காட்டினார்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். வராமல் இருந்தால் சந்தேகப்படுவார்களே என்று வந்தாரோ, அம்மாவைப் பார்க்காமல் இருக்க மனசு கேட்காமல் வந்தாரோ, எனக்குத் தெரியாது. அவர் மனைவி செய்த பலகாரத்தைத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்காருவார். அம்மா தரையில் உட்கார்ந்துகொண்டு அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அக்கம்பக்கத்தில் எவரிடமும் அப்படிப் பேசமாட்டார். எப்போதும் முடிவது என்னிடம்தான்.

"வெளியாளு செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும். கூடப் பொறந்தவளே காட்டிக் குடுத்துட்டா. இப்ப ஒங்க மேல பழி போடறா. அந்தப் பாவத்த நான் யார்கிட்ட போயி சொல்லுவேன்?"

நான் கதவு நிலையில் நின்று அவர் முகத்தையே பார்ப்பேன். இந்தத் தடவையாவது சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு வருஷமும் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, வருத்தமாகத் தலையை ஆட்டுவார்.

"அத்தை, குவா தாக் பஹாம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். "ஒங்களுக்கு எங்க புரியப் போவுது? புரியாதுன்னுதான் ஒங்ககிட்ட அழுவுறேன்" என்பார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொல்வார்:

"மாமாவுக்குக் கோப்பி கொண்டா."

நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.